வலைக்கோல் சென்ற வழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையிலே, மேரிலாந்து மாநிலத்தில், பால்ற்றிமோர் என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று தோள் முட்டி நிற்கும் நீண்ட தெருக்களும், பல வீடுகளின் வாயிலில் வெண்சலவைக்கற் படிகளும் உடைய பழம்பட்டினம் அது. நண்டுக்குப் பெயர் போனது. மருத்துவம் பயில விழையும் நம் மாணவச் செல்வங்கள் அந்நகரின் பெயரை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையின் பெயரோடு சேர்த்தே அறிந்திருப்பர். ஆனால், ஏப்ரில் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்நகரத் தெருவில் நின்று, "ஹொப்கின்ஸுக்கு வழி எது?" என்று கேட்டுப் பாருங்கள். வைத்தியசாலைக்கு வழி காட்டுவோர் சிலர். விளையாட்டு மைதானத்துக்கு வழி காட்டுவோரும் சிலர். அம் மைதானத்தில் அன்று நடைபெறுவது உதைபந்தாட்டமன்று. லக்ரோஸ் என்னும் ஆட்டம்.

நம்மிடம் முன்னாளிற் பயின்று, இன்று அந்நகரில் எந்திரவியலாளராக விளங்கும் அன்பர் ஒருவரின் இல்லத்தில் நாம் சில நாள் தங்கியிருந்தோம். அவருடைய பதினான்கு வயது மகள் பாடசாலையிலே லக்ரோஸ் ஆடுபவள். அவள் பிடிவாதத்தாலேயே நாம் ஹோம்வூட் மைதானத்துக்குச் சென்றோம் என்பதை முதலிற் சொல்லிவிடல் வேண்டும். சாள்ஸ் வீதியின் ஓரத்திலே, சர்வகலாசாலையின் செந்நிறக் கட்டிடங்களுக்கு அயலில் அம் மைதானம் கிடக்கிறது. வெயில் இருந்தும் காற்றிற் குளிர் விடாத பருவம். முதியவர்கள் கம்பளி போர்த்து அமர்ந்து, அறுபது ஆண்டுக்கு முந்திய ஆட்டங்களை நேற்று நடந்தனபோலப் பேசிக்கொண்டிருந்தனர்.

இச் சர்வகலாசாலையின் போக்கு சற்று வேடிக்கையானது. அமெரிக்காவிற் கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கம் கல்லூரிகளை மூன்று பிரிவாக வகுத்திருக்கிறது. பெரும் பொருட் செலவும் புலமைப் பரிசிலும் உடையது முதற் பிரிவு. விளையாட்டுக்கெனப் பரிசிற் பணம் கொடாதது மூன்றாம் பிரிவு. ஹொப்கின்ஸ் ஏனைய விளையாட்டுக்களிற் பெரும்பாலும் மூன்றாம் பிரிவிலே அடக்கமாக ஆடிக்கொண்டு, லக்ரோஸ் ஆட்டத்தில் மட்டும் முதற் பிரிவிலே தலைநிமிர்ந்து நிற்கிறது. 1883 இல் முதல் ஆட்டம் ஆடி, 1891 இல் முதல் வெற்றிப் பட்டம் பெற்றது. 1928 இல் அம்ஸ்ரடாமிலும், 1932 இல் லொஸ் ஏஞ்சலிசிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களிற் காட்சி ஆட்டமாக லக்ரோஸ் ஆடப்பட்டபோது, அமெரிக்காவின் சார்பிற் சென்றது ஒரு தேசிய அணியன்று; இந்தக் கல்லூரியின் அணியே. கல்லூரி ஒன்றுக்கு இதனினும் பெரிய பெருமை வாய்த்ததாக நாம் அறியோம்.

ஆட்டத்தைச் சிறிது விளக்குவோம். மைதானம் 110 யார் நீளமும் 60 யார் அகலமும் உடையது. ஆடவர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர்: காவலர் ஒருவர், தடுப்போர் மூவர், நடுவில் ஓடுவோர் மூவர், தாக்குவோர் மூவர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோல். கோலின் தலையிலே சிறு அத்தாங்கு போல ஒரு வலை. நாம் இதனை வலைக்கோல் என்றே சொல்லப் போகிறோம். பந்து கெட்டியான இறப்பராலானது. ஏறக்குறைய 5 அவுன்ஸ் நிறையுடையது. பந்தை வலையில் ஏந்தி, கோலை அசைத்து அசைத்து அது விழாதபடி தொட்டிலாட்டுவது போல் ஆட்டிக்கொண்டே ஓடுவர், எறிவர், ஏந்துவர், 6 அடிச் சதுரமான வாயிலுள் வீசுவர். காவலர் தவிர வேறெவரும் பந்தைக் கையாற் றொடலாகாது. எதிரியின் கோலையும் கையுறையையும் தன் கோலால் அடித்துப் பந்தை விழுத்தலாம். ஆதலால் தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்தே ஆடவர் களத்தில் இறங்குவர். மகளிர் ஆட்டத்திலோ பக்கத்துக்குப் பன்னிருவர். உடலோடு உடல் மோதுதல் விலக்கு. களத்தில் ஓடுவோர்க்குக் கட்டாயமானவை கண் காப்பும் பற்காப்புமே.

ஒரு விதி நம் மனத்தைக் கவர்ந்தது. வாயிலை நோக்கி வீசிய பந்து குறி தவறி எல்லைக்கு வெளியே சென்றால், அது எல்லையைக் கடந்த கணத்தில் அவ்விடத்துக்கு மிக அருகில் எந்த அணியின் ஆட்டக்காரர் நிற்கிறாரோ, அந்த அணிக்கே பந்து உரியது. எனவே, தவறி ஓடும் பந்தையும் ஒருவர் துரத்தியே ஆகவேண்டும். "தவறினதைத் துரத்திக்கொண்டு ஓடுறவைக்குத்தான் மாமா திரும்பக் கிடைக்கும்" என்றாள் அச் சிறுமி, வாய் நிறையச் சோளப் பொரியோடு.

"வார்சிற்றி" என்ற சொல்லை அன்று பலமுறை கேட்டோம். சர்வகலாசாலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே அது. கல்லூரியிற் பொழுதுபோக்காக ஆடும் கழகங்கள் பல இருக்கலாம்; கல்லூரியின் பெயரை மார்பிற் றாங்கி, கல்லூரியின் செலவில், பயிற்றுநரின் கீழ் ஆடும் முதல் அணியே வார்சிற்றி அணி. ஓர் ஆட்டம் வார்சிற்றி ஆட்டமாக உயர்த்தப்படுவதென்பது, அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் கிடைத்துவிட்டதென்பதற்கு மறுபெயர்.

அமெரிக்கக் கல்லூரிகளுள் முதன்முதலாக லக்ரோஸ் ஆடியவை நியூயோர்க் நகரத்தைச் சேர்ந்த இரண்டு: நியூயோர்க் சர்வகலாசாலையும் மன்ஹற்றன் கல்லூரியும். அது 1877 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். 1881 இல் முதற் கல்லூரிச் சுற்றுப் போட்டி நடந்தது. ஹாவட் அணி பிரின்ஸ்ரன் அணியை இறுதியில் வென்றது. அன்று தொட்டு நெடுங்காலம் இது கிழக்குக் கரையின் ஒடுங்கிய பட்டை ஒன்றுள் அடங்கிக் கிடந்தது. பால்ற்றிமோர், லோங் ஐலண்ட், நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதி, இவ்வளவே அதன் உலகம். கட்டணம் மிக்க தனியார் பாடசாலைகளில் ஆடிப் பழகியவர்கள் பழம்பெருங் கல்லூரிகளில் ஆடுவர். பின்னர்ச் சட்டத்தரணிகளாகவும் வங்கியாளர்களாகவும் போய்விடுவர்.

பட்டை ஒடுங்கியதாய் இருந்ததைப் போலவே மனமும் ஒடுங்கியிருந்தது. 1941 ஆம் ஆண்டு ஏப்ரிலில் ஹாவட் அணி அனாப்பொலிஸ் நகரிலுள்ள கடற்படைக் கல்லூரியோடு ஆடச் சென்றது. அவ்வணியில் லூசியன் அலெக்சிஸ் என்ற கறுப்பின மாணவர் ஒருவர் இருந்தார். அவரோடு தம் மாணவர் ஆடார் என்று கடற்படைக் கல்லூரி மறுத்தது. ஹாவட் விளையாட்டுத் தலைவர் அவரைத் திருப்பி அனுப்ப, எஞ்சியவர்கள் ஆடினர். ஹாவட் மாணவர் இதனைக் கண்டித்து எழுந்தனர். அதே பால்ற்றிமோர் நகரில், கறுப்பின மக்களுக்கென அமைந்த மோகன் ஸ்ரேற் கல்லூரி 1970 இல் லக்ரோஸ் அணியை அமைத்தது. "பத்துக் கரடிகள்" என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். 1975 இல் நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாகிய வொஷிங்ரன் அன் லீ அணியை அதன் சொந்த மைதானத்திலேயே வென்றனர். 1981 ஓடு அவ்வணி கலைந்தது.

பெருக்கம் பின்னர்தான் வந்தது. 1971 இல் தேசியச் சங்கம் கல்லூரிகளுக்கு முறையான வெற்றிக்கிண்ணப் போட்டியைத் தொடங்கியது. கோர்னெல் அணி மேரிலாந்தை 12க்கு 6 என்று வென்று முதற் கிண்ணம் பெற்றது. மறு ஆண்டு, 1972 இல், கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதம் காட்டலாகாது என்ற சட்டம் வந்தது. இச் சட்டம் லக்ரோஸை எண்ணி இயற்றப்பட்டதன்று. ஆயினும் அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கென நூறு இளைஞரை வைத்திருக்கும் ஒரு கல்லூரி, அதற்கீடாக மகளிருக்கும் வாய்ப்பளிக்க வேண்டியதாயிற்று. முப்பது நாற்பது பெண்கள் ஒரே அணியிற் சேரக்கூடிய லக்ரோஸ் அதற்கு நன்றாகப் பொருந்தியது. 1982 இல் மகளிர் கிண்ணப் போட்டியும் தொடங்கியது. இலினோய் மாநிலத்து நோர்த்வெஸ்ரேண் சர்வகலாசாலை 1992 இற் கைவிட்ட மகளிர் அணியை 2002 இல் மீண்டும் அமைத்து, 2005 முதல் 2012 வரையான எட்டு ஆண்டுகளில் ஏழு முறை கிண்ணத்தை வென்றது. கிழக்குக் கரைக்கு வெளியேயும் இவ்வாட்டம் வேரூன்றும் என்பதற்கு அதுவே முதற் சான்று. ஆடவருள் அத்தகைய சான்று 2015 இற் கிடைத்தது. றொக்கி மலையடியிலுள்ள டென்வர் சர்வகலாசாலை அவ்வாண்டு மேரிலாந்தை 10க்கு 5 என்று வென்றது. அதன் பயிற்றுநர் பில் ரியேர்ணி, முன்னர்ப் பிரின்ஸ்ரனுக்கு ஆறு கிண்ணங்கள் பெற்றுக் கொடுத்தவர்.

இன்று முதற் பிரிவில் எழுபதுக்கு மேற்பட்ட ஆடவர் அணிகளும் நூற்றுக்கு மேற்பட்ட மகளிர் அணிகளும் உள்ளன. மூன்றாம் பிரிவிலோ ஆடவர் அணிகளே இருநூற்றைக் கடந்துவிட்டன. சிறு கல்லூரிகள் இதில் ஏன் இத்துணை ஆர்வங் காட்டுகின்றன என்று நம் அன்பரை வினவினோம். அவர் நகைத்தார். "சேர், அது கணக்கு. சிறிய கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் வந்து சேருகிறது குறைஞ்சு போச்சு. ஒரு ரீம் போட்டால் நாற்பது பிள்ளைகள் பணங் கட்டி வந்து சேருவினம். மைதானம் ஏற்கெனவே இருக்குது. பயிற்றுநர் ஒருவர் போதும்." கல்விக் கூடத்துக்குப் பிள்ளை பிடிக்கும் கருவியாக ஒரு விளையாட்டு வளர்வதை ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் மகிழ்ச்சியோடு கேட்டோம் என்று சொல்வதற்கில்லை. முதற் பிரிவிற்கூட, 2025 வரை, ஆடவர் அணி ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட புலமைப் பரிசில் 12.6 மட்டுமே. அதனை நாற்பதுக்கு மேற்பட்டோர் கூறுபோட்டுக் கொண்டனர். ஆதலின், பெற்றோர் கையிற் பொருளுள்ள பிள்ளையே பெரும்பாலும் இவ்வாட்டத்தில் முன்னேறினான். தலைக்கவசம், தோட்கவசம், கையுறை, கோல் எல்லாம் வாங்கி, கோடை தோறும் பயிற்சி முகாமுக்கும் அனுப்பும் பெற்றோர் எத்தனை பேர்?

அன்று மாலை வீடு திரும்பியபின், தன் கோலைச் சுவரிற் சாத்திவிட்டு, சிறுமி கேட்டாள்: "மாமா, இந்தக் கோலை முதல் முதல் ஆர் செய்தது?" பாடசாலையில் ஒரு வரியிற் சொல்லிவிட்டார்களாம்: ஆதிகுடிகளிடமிருந்து வந்தது என்று. அந்த ஒரு வரியின் பின்னே ஒரு நாடு இருக்கிறது. "வடக்கே போனால் அவையின்ரை இடம் இருக்குது, சேர், மூன்று நாள் லீவு எடுக்கிறன்" என்றார் தந்தை.

பால்ற்றிமோரிலிருந்து சிரக்கியூஸ் நகரம் முந்நூறு மைலுக்கு மேற்பட்ட தூரம். சஸ்குவஹானா என்னும் அகன்ற ஆற்றை ஹரிஸ்பேர்க் நகரிற் சந்தித்து, பென்சில்வேனியாவின் மலைத்தொடர்களை ஊடறுத்துச் செல்லும் பெருஞ்சாலை. வழியிற் பேசப் பொழுது நிறைய இருந்தது.

ஐரோப்பியர் வருமுன்னரே இவ்வாட்டம் வட அமெரிக்காவின் பல குடிகளிடையே பல வடிவில் ஆடப்பட்டு வந்தது. நம் பழைய பாடநூல்கள் இம் மக்களைச் செவ்விந்தியர் என்றன. அவர்களோ தத்தம் குடியின் பெயராலேயே அழைக்கப்பட விரும்புகின்றனர். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா, ரஸ்கரோறா என்னும் ஆறு குடிகளின் கூட்டு ஹோடினோஷோனி எனப்படும்; பிரெஞ்சுக்காரர் இரொக்குவா என்றனர். அவர்களுக்கு இது படைத்தவன் கொடுத்த ஆட்டம். நோயுற்றவர் பொருட்டு ஊரே திரண்டு ஆடும் மருந்து. 1630 களிலே ஹியூறன் மக்களிடையே வாழ்ந்த ஜான் டி பிறேபுவ் என்ற இயேசு சபைக் குருவானவர், நோயாளிக்கு இவ்வாட்டத்தையே வைத்தியர் மருந்தாக விதிப்பதைக் கண்டு எழுதி வைத்தார். "லா குறோஸ்" என்றது பிரெஞ்சு வழக்கு. வளைந்த கோல் என்பது பொருள்.

மருந்தாவது மட்டுமன்றிப் போராகவும் அது ஆனதுண்டு. 1763 ஆம் ஆண்டு யூன் 2 ஆந் தேதி, மிச்சிகன் ஏரியும் ஹியூறன் ஏரியும் கூடுமிடத்திலிருந்த மிச்சிலிமக்கினாக் என்னும் பிரித்தானியர் கோட்டைக்கு வெளியே ஒஜிப்வே, சோக் குடியினர் பந்தாடினர். கோட்டைப் படையினர் கதவைத் திறந்துவைத்து வேடிக்கை பார்த்து நின்றனர். பந்து கோட்டை வாயிலை நோக்கிப் பறந்தது, ஆட்டக்காரர் அதன் பின்னே ஓடினர், போர்வைக்குள் ஆயுதம் மறைத்து நின்ற பெண்கள் அவற்றை நீட்டினர், கோட்டை வீழ்ந்தது.

மொன்றியல் நகரத்துப் பல் வைத்தியர் வில்லியம் ஜோர்ஜ் பியேர்ஸ் என்பவரே இதற்கு எழுத்திலே விதி வகுத்தவர். 1867 இல் அவருடைய விதிகள் கனடா எங்கும் ஏற்கப்பட்டன. அவர் 1876 இல் மோஹாக் ஆட்டக்காரர்களையும் அழைத்துக்கொண்டு பிரித்தானியா சென்றார். விண்ட்சரில் விக்ரோறியா மகாராணியார் ஆட்டத்தைக் கண்டு களித்தார். நான்கு ஆண்டு கழிந்தது. 1880 இற் கனடாவின் சங்கம் தன் பெயரோடு "பொழுதுபோக்கு ஆட்டக்காரர்" என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டது. பயணச் செலவுக்குப் பணம் பெற்று ஆடிய ஆதிகுடிகள் அதனால் தொழில்முறை ஆட்டக்காரர் எனப்பட்டு, வெற்றிக்கிண்ணப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டனர். ஆட்டத்தை ஈன்றவருக்கு ஆட்டக் களத்தின் கதவு சாத்தப்பட்டது.

ஹரிஸ்பேர்க்குக்குச் சற்று மேற்கே கார்லைல் என்ற சிற்றூர் உண்டு. நேர் வழியை விட்டு விலகி நாம் அங்கும் சென்றோம். இன்று இராணுவக் கல்லூரி இருக்கும் அவ்விடத்தில், 1879 முதல் 1918 வரை ஆதிகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை ஒன்று அரசாங்கத்தால் நடாத்தப்பட்டது. பிள்ளைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்து, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தும் கொண்டுவந்து, தலைமயிரை வெட்டி, புதுப் பெயரிட்டு, தாய்மொழி பேசினால் தண்டித்தனர். 1912 ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கம் வென்ற ஜிம் தோர்ப் அப் பாடசாலை மாணவரே. அப்பாடசாலை 1910 இற் பேஸ்போல் ஆட்டத்தைக் கைவிட்டு லக்ரோஸைத் தன் வார்சிற்றி ஆட்டமாக்கிக்கொண்டது. பாட்டன் பேசிய மொழியைப் பேசலாகாது. பாட்டன் ஆடிய ஆட்டத்தைக் கல்லூரிச் சட்டை அணிந்து, மொன்றியலில் எழுதிய விதிப்படி ஆடலாம். இதற்கு மேல் அங்கே நாம் பேசவில்லை. சாலையோரத்திலே, ஒரே அளவான வெண்கற்கள் வரிசை வரிசையாக நிற்கும் சிறு மயானம் ஒன்று தெரிகிறது. வீடு திரும்பாத பிள்ளைகள் அவர்கள். சில குடியினர் அண்மை ஆண்டுகளில் தம் பிள்ளைகளின் என்புகளைத் தோண்டி எடுத்துச் சொந்த மண்ணுக்குக் கொண்டுசென்றிருக்கின்றனர். 2024 டிசம்பரில் அவ்விடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

இரவு சிரக்கியூஸ் சேர்ந்தோம். குன்றின்மேல் அமைந்த அச் சர்வகலாசாலைக்கு வெண்கூரை போர்த்த பேரரங்கு ஒன்று உண்டு; 1980 இல் திறக்கப்பட்டது. வடபுலத்துப் பனிக்கு அஞ்சி லக்ரோஸையும் கூரைக்குக் கீழ் ஆடுகின்றனர். மறுநாள் அங்கு ஓர் ஆட்டங் கண்டோம். ஹோம்வூட்டில் ஆட்டம் ஒரு குடும்பச் சடங்கு போலிருந்தது. இங்கே ஒரு திருவிழாவின் ஆரவாரம். 1988 இல் இவ்வரங்கிலேதான் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து வந்த கேரி கெய்ற் என்ற மாணவர், வாயிலின் பின்புறமிருந்து பாய்ந்தெழுந்து, அந்தரத்தில் நின்றபடியே மேற்சட்டத்துக்கு மேலாகப் பந்தை உள்ளே திணித்தார். அதுவரை எவரும் எண்ணியும் பாராத வித்தை அது. பின்னர் விதியால் விலக்கப்பட்டது.

ஆயினும் நம் நெஞ்சைக் கவர்ந்தது 1957 ஆம் ஆண்டின் அணி. அவ்வாண்டு சிரக்கியூஸ் பத்து ஆட்டம் ஆடிப் பத்தும் வென்றது. தாக்கும் வரிசைக்குப் பந்தெடுத்துச் சென்றவர் ஜிம் பிறவுண் என்னும் கறுப்பின இளைஞர். பின்னர் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஈடிணையற்ற புகழ் பெற்றவர். அவருக்கு லக்ரோஸே உயிர் என்பர். வாயிலைக் காத்து நின்றவரோ ஓறன் லயன்ஸ் என்னும் ஒனொண்டாகா இளைஞர். நாடு முழுவதற்கும் சொந்தமென்று சொல்லப்பட்ட ஆட்டத்திற் கதவடைக்கப்பட்டிருந்த இரு குடிகளின் பிள்ளைகள், களத்தின் இரு முனையிலும் நின்று அவ்வணியைத் தாங்கினர். லயன்ஸ் பின்னாளில் தம் குடியின் நம்பிக்கைக் காவலருள் ஒருவரானார். 1983 இல் ஹோடினோஷோனி மக்கள் தம் சொந்தக் கொடியின் கீழ் ஆடுவதற்கு ஒரு தேசிய அணியை அமைத்தபோது முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர்.

சிரக்கியூசுக்குத் தெற்கே சில மைல் தொலைவிலேயே ஒனொண்டாகா நாடு இருக்கிறது. பெருஞ்சாலையில் விரைவோர் அதனைக் கவனியாமலே கடந்துவிடலாம். ஏறக்குறைய 7300 ஏக்கர் நிலம். மரங்கள் அடர்ந்த சரிவுகள், ஆங்காங்கே சிறு வீடுகள். ஆறு குடிக் கூட்டின் நெருப்பு இங்கேதான் காக்கப்படுகிறது. அதாவது, கூட்டின் தலைநகர் இது. ஊர்ச் சிறுவர் சிலர் வீதியோரத்தில் ஒரு மரப்பலகைச் சுவருக்குப் பந்தெறிந்து ஏந்திக்கொண்டிருந்தனர். அவர்களிற் சிறியவனுக்கு ஆறு வயதிருக்கலாம்.

ஊரின் உள்ளரங்குக்கு அயலில் நாம் முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். நாம் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார்; இலங்கை என்றதும், அங்கும் ஆதிகுடிகள் உளரோ என்று வினவினார். வேடர் உளர் என்றோம். அவர்கள் மொழி இன்னும் பேசப்படுகிறதா என்பது அவருடைய அடுத்த வினா. மிகச் சிலரே பேசுவர் என்று விடை கூறினோம். அவர் தலையை அசைத்துவிட்டு, நம்மை ஒரு பட்டறைக்குள் அழைத்துச் சென்றார்.

மரக்கோல் செய்யும் முறையை அங்கே அறிந்தோம். ஹிக்கறி என்னும் வலிய மரத்தின் தண்டை நார் வழியே பிளந்து, சீவி, நீராவியில் வேகவைத்து, தலையை வளைத்துக் கட்டி, பல மாதம் உலரவிடுவர். உலர்ந்தபின் துளையிட்டு, தோல் வாராலும் நரம்பாலும் வலை பின்னுவர். 1960 கள் வரை கல்லூரி மாணவர் கையிலும் இத்தகைய கோலே இருந்தது. அதனைச் செய்து கொடுத்தவர்களும் ஆதிகுடிகளே. கனடாவின் கோண்வோல் தீவிலே மோஹாக் மக்கள் வேலை செய்த பெரிய கோற் பட்டறை 1968 இல் எரிந்தது. கோலுக்குப் பெருந் தட்டுப்பாடு வந்தது. 1970 அளவிற் பால்ற்றிமோரில் பிளாஸ்ரிக் தலையுடைய கோல் வந்துவிட்டது. இலகுவானது, மலிவானது, ஒன்றைப்போல் மற்றொன்று. கல்லூரிகளில் ஆட்டம் பெருகியதற்கு அது பெருந்துணை. கோல் செய்தவர்களின் தொழிலுக்கோ அது அடி. ஒனொண்டாகாவில் அல்ஃப் ஜாக்ஸ் என்ற கைவினைஞர் 2023 இல் மறையும் வரை மரக்கோல் செய்து, இளைஞருக்கும் கற்பித்து வந்தார்.

ஆனால் கதை இழப்பாகவே முடியவில்லை. இக் குடியிலிருந்து லைல் தொம்சன், மைல்ஸ் தொம்சன் என்னும் சகோதரர் நியூயோர்க் மாநிலத்து அல்பனி சர்வகலாசாலைக்கு ஆடச் சென்றனர். கல்லூரி ஆட்டக்காரருட் சிறந்தவருக்கு 2001 முதல் வழங்கப்படும் விருதின் பெயர் தேவாறதோன். அது லக்ரோஸைக் குறிக்கும் மோஹாக் சொல். 2014 இல் அவ்விருதைச் சகோதரர் இருவரும் சேர்ந்தே பெற்றனர். மறு ஆண்டு லைல் மீண்டும் பெற்றார். நீண்ட பின்னலோடு களமிறங்கிய அவரைக் கண்டு எத்தனையோ வெள்ளைக்காரச் சிறுவரும் பின்னல் வளர்த்தனராம்.

நாட்டணியின் கதை இன்னுஞ் சிக்கலானது. 2010 இல் மான்செஸ்ரரில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது, அவ்வணியினர் தம் சொந்தக் கடவுச்சீட்டிலேயே செல்வோம் என்றனர். பிரித்தானியா அதனை ஏற்கவில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டிற் செல்லவும் அவர்கள் இசையவில்லை, ஆட்டத்தை விட்டனர். 2014, 2018, 2023 ஆகிய மூன்று உலகப் போட்டிகளிலும் வெண்கலம் வென்றனர். 2028 இல் லொஸ் ஏஞ்சலிசில் நடைபெறும் ஒலிம்பிக்கில் லக்ரோஸ் மீண்டும் சேர்க்கப்படும் என்று 2023 ஒக்ரோபரில் முடிவாயிற்று. அறுவர் அணியாக ஆடும் குறுகிய வடிவம் அது. அதில் தம் கொடியின் கீழ் ஆட வேண்டுமென்பது ஹோடினோஷோனி மக்களின் கோரிக்கை. அவ்வாண்டு டிசம்பரில் சனாதிபதி பைடன் அதனை ஆதரித்தார். தேசிய ஒலிம்பிக் குழு உடைய நாடுகளே ஆடலாம் என்பது ஒலிம்பிக் சங்கத்தின் மறுமொழி. 1904 இல் சென் லூயிஸ் ஒலிம்பிக்கிலோ மோஹாக் அணியொன்று தனியே ஆடி மூன்றாமிடம் பெற்றது. நூற்றிருபது ஆண்டுக்கு முன் இயன்றது இன்று ஏன் இயலவில்லை என்பதற்கு நமக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

பட்டறையின் சுவரில் முடிவுற்ற கோல்கள் சில தொங்கின. புதுமரத்தின் வெண்மை மாறாதவை. நம் அன்பரின் மகள் ஆவலோடு கை நீட்டினாள். முதியவர் மெல்லத் தடுத்தார். ஆடவர் மருந்தாட்டம் ஆடும் மரக்கோலைப் பெண்கள் தொடலாகாது என்பது அவர்கள் மரபு. ஊர்ப் பெண் பிள்ளைகள் பிளாஸ்ரிக் கோலில் ஆடுகின்றனர்; ஹோடினோஷோனி மகளிர் அணியும் உலகப் போட்டிகளில் ஆடுகிறது. ஆனால் மரக்கோல் வேறு என்றார். சிறுமியின் முகம் சிவந்தது. அவளை ஆடவரோடு ஒப்பவைத்துக் கல்லூரி வரை கொண்டுசெல்ல ஒரு சட்டம் அந்நாட்டில் இருக்கிறது. இந்த வாசலுக்குள் அச் சட்டம் செல்லாது. எது நியாயம் என்று நம்மைக் கேட்டிருந்தால் நாம் அவள் பக்கமே நின்றிருப்போம். அவள் கேட்கவில்லை. இரு கைகளையும் முதுகின் பின்னே கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கோலின் அருகிலும் குனிந்து குனிந்து, வலை எவ்விடத்தில் எவ்வாறு முடியப்பட்டிருக்கிறது என்று நெடுநேரம் பார்த்தாள். முதியவர் விளக்கை அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.